கடைக்காரர் எதற்கு எழுத வேண்டும்? வலைப்பதிவும் வியாபாரமும்: ஓர் எளிய விளக்கம்

வேலூர்ப் பக்கம் சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறவர்களுக்கு இப்போது இரண்டு விதமான புத்திமதி கிடைக்கிறது. வலைத்தளத்துக்குக் கட்டுரை எழுதித் தரும் பேக்கேஜ் விற்க வருகிறவர், "வாரத்துக்கு மூணு பிளாக் போடுங்க சார், கூகுள்ல முதல் பக்கம் நீங்கதான்" என்கிறார். காலேஜில் படிக்கும் அக்கா மகன், "இந்தக் காலத்துல யார் மாமா பிளாக் படிக்கிறாங்க, ரீல்ஸ் போடுங்க" என்கிறான். முதலாமவரிடம் பணம் கட்டியவர்களின் தளத்தில் 'தோல் பொருட்களின் நன்மைகள்' என்கிற ரகத்தில் யாருக்கும் வேண்டாத கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாமவன் பேச்சைக் கேட்டவர்கள் பாட்டுக்கு வாயசைத்துவிட்டு, அடுத்த ரீலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதி வைத்த ஒரு பக்கம் எப்படி ஒரு வாடிக்கையாளரைக் கடைக்குக் கொண்டுவருகிறது என்பதை இரண்டு பேருமே சொல்வதில்லை. அது புரிந்துவிட்டால் தன் தொழிலுக்கு எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பதை யாரும் தானாகவே முடிவு செய்துகொள்ளலாம்.

வலைப்பதிவு என்று இங்கே எதைச் சொல்கிறோம்

உங்கள் தொழிலின் சொந்த வலைத்தளத்தில், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முகவரியோடு நிற்கிற கட்டுரைகளின் தொகுப்புதான் வலைப்பதிவு. அவ்வளவுதான்.

குழப்பம் அதன் பழைய வரலாற்றிலிருந்து வருகிறது. 1999-ல் பிளாக்கர் வந்தது. 2003-ல் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டு வேர்ட்பிரஸும் வந்தது. அந்தக் காலத்தில் வலைப்பதிவு என்றால் தனிமனிதரின் நாட்குறிப்பு. சினிமா விமர்சனம், ஊர் நினைவு, அரசியல் சண்டை எல்லாம் அதில் ஓடின. அந்தப் பதிவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் முகநூலுக்குப் போய்விட்டதால் 'பிளாக் செத்துவிட்டது' என்ற பேச்சு கிளம்பியது. செத்தது நாட்குறிப்பு. தொழில் செய்கிறவர் எழுதுவது வேறு ரகம், அது இணையத்தைவிடப் பழையது. டயர் விற்கும் மிஷ்லின் கம்பெனி 1900-ல் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தது. எங்கே வண்டியைப் பழுது பார்க்கலாம், எங்கே தங்கலாம், டயரை எப்படி மாற்றுவது என்றெல்லாம் அதில் இருந்தன. வண்டி ஓடினால் டயர் தேயும், தேய்ந்தால் வியாபாரம். வாடிக்கையாளருக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல்லித் தன் பெயரை அவர் கையில் கொடுத்துவிடுவது, இதுதான் விஷயம்.

தேடுபொறி என்ன செய்கிறது: பொய்கைச் சந்தைத் தரகரைப் பாருங்கள்

வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் பொய்கை என்ற ஊரில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். நீங்கள் உழவுக்கு மாடு வாங்கப் போகிறீர்கள். நேராகத் தரகரிடம் போய், "இரண்டு பல் போட்ட காளை, ஏர் பழகினது, ஜோடியா வேணும்" என்கிறீர்கள். அவர் அப்போது கிளம்பித் தேடுவதில்லை. விடியற்காலையிலேயே சந்தையைச் சுற்றி வந்து, எந்த லாரியில் எந்த ஊர் மாடு இறங்கியது, எது பாயும், எது நொண்டும் என்று மனதில் வாங்கி வைத்திருப்பார். நீங்கள் கேட்டதும் நேராக இரண்டு மூன்று இடத்துக்குக் கூட்டிப்போவார். (அதற்குப் பிறகு துண்டை மூடி விரல் பிடித்து விலை பேசுவது தனிக் கலை. அது இங்கே வேண்டாம்.)

கூகுள் போன்ற தேடுபொறியும் இதைத்தான் மூன்று கட்டமாகச் செய்கிறது.

முதல் கட்டத்துக்கு க்ராலிங் என்று பெயர். தேடுபொறியின் மென்பொருள் ஒன்று இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போகும். ஒரு பக்கத்தில் இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயும் போகும். தரகரின் விடியற்காலைச் சுற்று இது.

இரண்டாவது இன்டெக்ஸ். பார்த்த பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது, எந்த ஊரைப் பற்றியது என்று குறித்து வைக்கும் பெரிய பதிவேடு. பார்த்த எல்லாப் பக்கமும் இதில் ஏறிவிடாது. வேறு இடத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டதையும் ஒன்றுமே இல்லாத பக்கத்தையும் கூகுள் விட்டுவிடக்கூடும். பேக்கேஜில் வாங்கிய நாற்பது கட்டுரைகளில் பல இந்தப் படியைக்கூடத் தாண்டியிருக்காது.

மூன்றாவது ரேங்கிங், அதாவது வரிசைப்படுத்தல். ஒருவர் கேள்வியைத் தட்டியதும் பதிவேட்டிலிருந்து பொருத்தமான பக்கங்களை எடுத்து, எதை முதலில் காட்டுவது என்று முடிவு செய்வது. கேள்விக்கும் பக்கத்துக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவர் இருக்கும் இடம், மொழி, பக்கத்தின் தரம் என்று பல கணக்குகள் இதில் உண்டு. அதில் ஒன்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கூகுளை 1998-ல் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கண்டுபிடித்தது அது: மற்ற பக்கங்கள் ஒரு பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அதை ஒரு நல்ல வார்த்தையாக எடுத்துக்கொள்வது. நாலு பேர் "அவர்கிட்ட வாங்கினேன், மாடு நல்லா உழுவுது" என்று சொன்ன வியாபாரியிடம் தரகர் முதலில் கூட்டிப்போவதில்லையா, அந்த மாதிரி.

தரகருக்கும் கூகுளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. விளம்பரம் என்று குறிப்புப் போட்டு வரும் இடத்துக்குத்தான் கூகுள் பணம் வாங்குகிறது. மற்றபடி வரும் வரிசையில் முன்னால் வரக் காசு கொடுக்க வழியில்லை என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. 'முதல் இடம் கியாரண்டி' என்று ஒருவர் சொன்னால், தன் கையில் இல்லாத ஒன்றை அவர் விற்கிறார் என்று அர்த்தம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தேடுபொறி முன்கூட்டியே பக்கங்களைப் பார்த்துக் குறித்து வைக்கிறது. கேள்வி வந்ததும் பொருத்தமானதை முன்னால் நிறுத்துகிறது. ஆகவே வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்குப் பதில் உங்கள் தளத்தில் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். இல்லாததை எந்தத் தரகராலும் காட்ட முடியாது.

எழுத்தாக என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பலர் ப்ளெக்ஸ் டிசைனரிடம் வாங்கிய படத்தை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கடைப் பெயர், விலை, விலாசம் எல்லாம் அந்தப் படத்துக்குள் இருக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடுபொறி வேலை செய்வதில்லை. இன்னொரு தொல்லை, டிடிபி கடையில் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய தமிழ். தாளில் அழகாக இருக்கும், தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கலைந்துபோகும். செல்போனில் நாம் அடிக்கும் தமிழ் எல்லாம் யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துமுறை. தளத்தில் போடுவது அதில் இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் வரும் கேள்வி: ஒரு லாட்ஜைப் பார்ப்போம்

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சிஎம்சி, அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்காகவே மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் காட்பாடியில் வந்து இறங்குகின்றன. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனால் லாட்ஜுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வங்காள எழுத்தில் போர்டு தொங்குவதைப் பார்க்கலாம்.

அங்கே ஒரு லாட்ஜ் நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். தளத்தில் என்ன எழுதியிருப்பீர்கள்? 'ஏசி, டிவி, 24 மணி நேரமும் வெந்நீர், கனிவான உபசரிப்பு.' பக்கத்து லாட்ஜிலும் அதே. மேற்கு வங்கத்து மால்டாவிலிருந்து அப்பாவைக் கூட்டிவரப் போகிற ஒருவர் இதையா தேடுகிறார்? அவருடைய கேள்விகள் வேறு. அறையிலேயே சமைத்துக்கொள்ளலாமா? அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்குமா, சிலிண்டருக்குத் தனிக் காசா? ரயில் விடியற்காலை மூன்று மணிக்கு வந்தால் கேட் திறந்திருக்குமா? லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையுமா? மருத்துவமனைக்கு நடந்தே போகலாமா? சிகிச்சை எவ்வளவு நாள் இழுக்கும் என்று தெரியாதே, வார வாடகை உண்டா? வெளிநாட்டுக்காரர் என்றால் என்னென்ன காகிதம் வேண்டும்?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் லாட்ஜின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் தினமும் போனில் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அதை எழுதி வைப்பதுதான் வலைப்பதிவு. 'முதல் தடவை சிகிச்சைக்கு வேலூர் வருகிறவர்களுக்கு' என்று ஒரு பக்கம். அதில் இப்படி இருக்கட்டும்: "எங்கள் லிஃப்டில் மடக்கும் சக்கர நாற்காலி நுழையும், ஸ்ட்ரெச்சர் நுழையாது. ஸ்ட்ரெச்சர் தேவைப்படுகிறவர்கள் தரைத்தளத்து அறையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்." 'ஸ்ட்ரெச்சர் நுழையாது' என்று எழுதினால் ஆள் போய்விடுவார் என்று உரிமையாளர் பயப்படுவார். எனக்கென்னவோ அந்த ஒரு வரிதான் மிச்சத்தையும் நம்ப வைக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் தயாராக இருக்கட்டும் என்று எழுதி வைத்தால் நடுராத்திரிக் கவுண்டர் தகராறு பாதி குறையும்.

தினமும் வரும் தேடல்களில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்கு முன் யாரும் கேட்டிராதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. மனிதர்கள் அவ்வளவு குறிப்பாகக் கேட்கிறார்கள். 'வேலூர் லாட்ஜ்' என்ற இரண்டு சொல்லுக்குப் பெரிய முன்பதிவுத் தளங்களோடு மோதி ஜெயிப்பது கஷ்டம். 'வேலூரில் சமையலறையோடு மாத வாடகை அறை' என்கிற தேடலில் போட்டி குறைவு. கேட்கிறவரும் பையைக் கட்டிக்கொண்டிருக்கிற ஆள்.

எந்த மொழியில் எழுதுவது

இதைப் பேக்கேஜ்காரர் கேட்கவே மாட்டார், ஆனால் வடாற்காட்டில் இதுதான் முதலில் தீர்க்க வேண்டியது. கடைக்காரருக்கு எந்த மொழி வரும் என்பது முக்கியமில்லை. தேடுகிறவர் எந்த மொழியில் தட்டுகிறார் என்பதுதான் கணக்கு. மேலே சொன்ன லாட்ஜ்காரர் வங்காளத்திலும் இந்தியிலும் எழுத வேண்டும். வருடக்கணக்காகத் தங்கிப்போகிற குடும்பங்களில் யாராவது ஒருவர் திருத்திக் கொடுப்பார். மெஷின் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் போட்டால் மருந்து விஷயத்தில் வம்பில் மாட்டிவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறவருக்கு ஆங்கிலம். அவரைத் தேடுவது இத்தாலியிலோ ஜெர்மனியிலோ இருக்கும் ஒரு சின்ன பிராண்டு. குறைந்தபட்சம் எத்தனை ஜோடிக்கு ஆர்டர் எடுப்பீர்கள், சாம்பிள் எத்தனை நாளில் வரும், தோல் குரோமில் பதனிட்டதா பட்டைச் சாற்றில் பதனிட்டதா, கழிவு நீர் எங்கே போகிறது? கடைசிக் கேள்வி, தோல் கழிவால் ஆறு கெட்டுப்போன பாலாற்றுக்காரர்களுக்குச் சங்கடமானது, ஆனால் வெளிநாட்டு வாங்குபவர் கேட்காமல் விடமாட்டார். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு தன் யூனிட் எப்படி இணைந்திருக்கிறது என்பதைப் படத்தோடு ஒருவர் எழுதி வைத்தால், 'உலகத் தரம்' என்று பத்து இடத்தில் போடுவதைவிட அது பேசும்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் விதையோ நாற்றோ விற்கிறவருக்குத் தமிழ்தான். தமிழிலும் இன்னொரு சிக்கல்: பலர் 'mullu kathirikai' என்று தட்டுவதை நினைவில் வைத்து, அந்த ஆங்கில எழுத்து வடிவத்தையும் பக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்துவிடுவது நல்லது.

ரீல்ஸ் போட்டால் போதாதா

போடலாம், நன்றாகவே வேலை செய்யும். பிரியாணி தம் உடைக்கும் காட்சியை எழுத்தால் ஜெயிக்க முடியுமா? ஆனால் இரண்டும் வேறு வேலை. ரீல் என்பது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் தானாகப் படுவது. பெரும்பாலும் சில நாளில் கீழே போய்விடும். தேடலில் வரும் பக்கம், ஒன்றை வேண்டும் என்று நினைத்தவர் தேடி வந்து சேர்வது. நல்ல பக்கம் எழுதிய மறு வருடமும் ஆள் கொண்டுவரும்.

இன்னொரு விஷயம், யாருடைய இடம் என்பது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளுக்குத் தடை போட்டது, டிக்டாக் அதில் ஒன்று. அதில் லட்சக்கணக்கான பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் ஒருவரைக்கூடக் கூப்பிட வழியில்லை. தளத்துக்கு நீங்கள் வாங்கும் முகவரிப் பெயருக்கு டொமைன் என்று பெயர். வருடக் கட்டணம் கட்டும்வரை அது உங்களுடையது. தளத்தை வைத்திருக்கும் கம்பெனியை மாற்றினாலும் முகவரி மாறாது. டொமைன் வாங்கும்போது தளம் செய்து கொடுக்கிறவர் பெயரில் பதியாமல் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவரோடு சண்டை வந்தால் அப்போது தெரியும் இதன் அருமை.

ஏஐ வந்த பிறகுமா?

நியாயமான கேள்வி. 2024 ஆகஸ்டில் இருந்து இந்தியாவிலும் கூகுள் பல தேடல்களுக்கு மேலேயே ஏஐ தொகுத்த பதிலைக் காட்டுகிறது. படித்துவிட்டு ஆள் போய்விடுகிறார், தளத்துக்கு வருவதில்லை. 'தோல் பையைப் பராமரிப்பது எப்படி' போன்ற பொதுக் கட்டுரைகளுக்கு இது பெரிய அடி. அந்த ரகத்தை எழுதுவதை நிறுத்திவிடலாம் என்பதே என் கருத்து. அதே ஏஐயை வைத்து அதே பொதுக் கட்டுரையை நாளுக்குப் பத்து எழுதுவது அதைவிட வீண். ஆளைக் கவராமல் தேடலைக் கவர மட்டும் குவிக்கும் பக்கங்களைக் கீழே தள்ளத்தான் 2022 முதல் கூகுள் தன் கணக்குகளை மாற்றிக்கொண்டே வருகிறது.

ஆனால் உங்கள் லிஃப்டின் அகலம் எந்த ஏஐக்கும் தானாகத் தெரியாது. அது எங்காவது எழுதியிருந்தால்தான் எடுத்துச் சொல்லும். உங்களிடம் மட்டும் இருக்கும் தகவல், உங்கள் கைப்பட்ட அனுபவம், உங்கள் விலை, உங்கள் படம், இவற்றுக்கு மதிப்பு குறையவில்லை.

இந்த இடத்தில் மறுபடி ஒரு சுருக்கம்: பொதுவாக எல்லோரும் சொல்வதை எழுதிப் பயனில்லை. வாங்கும் முன் ஆள் கேட்கும் குறிப்பான கேள்விக்கு, அவர் தேடும் மொழியில், உங்களுக்கு மட்டுமே தெரிந்த பதிலை, உங்கள் சொந்த முகவரியில் வைக்க வேண்டும்.

எழுதவே தேவையில்லாதவர்கள்

டீக்கடை, பிரியாணிக் கடை, பஞ்சர் கடை, தெருமுனை மளிகை. சீரகச் சம்பா அரிசியின் வரலாற்றைப் படித்துவிட்டு யாரும் ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதில்லை. இவர்களுக்கு கூகுள் மேப்பில் காட்டும் கடைப் பதிவு போதும், அது இலவசம். கடை சரியான இடத்தில் குறித்திருக்கிறதா, திறக்கும் நேரமும் போன் நம்பரும் சரியா, வெள்ளிக்கிழமை மதியம் மூடுவதைப் போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டால் சரி. பொருத்தம், தூரம், பெயர் பெற்றிருப்பது இந்த மூன்றையும் வைத்துத்தான் அக்கம்பக்கத்துக் கடைகளைக் காட்டுகிறோம் என்று கூகுளே சொல்கிறது.

வாங்குகிறவர் யோசித்து, நாலு இடம் விசாரித்து, பிறகு முடிவெடுக்கிற தொழில் என்றால் எழுத்து உதவும். லாட்ஜ், ஏற்றுமதி, ஆரணிப் பட்டு, சோலார் பொருத்துவது, கணக்குத் தணிக்கை, பல் மருத்துவம் இதெல்லாம் அந்த வகை. விலையும் யோசனை நேரமும் கூடக்கூட எழுத்தின் பலனும் கூடும்.

செலவு, காலம், கணக்கு

இந்த வகை முயற்சிக்குப் பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பது கூகுள் தரப்பிலிருந்தே வந்த கணக்கு. அடுத்த மாத வாடகைக்குப் பணம் வேண்டும் என்றால் இது வழியில்லை. விளம்பரம் கொடுங்கள், அல்லது பழைய வாடிக்கையாளருக்குப் போன் போடுங்கள். வாரம் மூன்று என்ற கணக்கும் தேவையில்லை. உருப்படியாகப் பத்துப் பக்கம் இருந்தாலே பல சிறு தொழிலுக்குப் போதும். எதை எழுதுவது என்று தெரியாவிட்டால் கடை போனைப் பதினைந்து நாள் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்வியை ஒரு நோட்டில் குறித்தால் தலைப்புகள் அதிலேயே வந்துவிடும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைக் கூகுள் தருகிறது. எந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் தெரியும். சில சமயம் நீங்கள் நினைத்தே பார்க்காத கேள்விக்கு ஆள் வந்திருப்பார்கள், அடுத்துப் பக்கம் எழுத வேண்டியது அதற்குத்தான். ஆனாலும் பார்வை எண்ணிக்கை வேறு, கல்லாப் பெட்டி வேறு. "எங்களை எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று புதிதாக வருகிறவரிடம் கேட்டு பில் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு சொல்லில் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த ஓரங்களைப் புரட்டினால் தொடர்வதா விடுவதா என்று தெரியும்.

அப்புறம், எழுதியதைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வாடகை ஏறியது, லிஃப்ட் மாற்றியது, கிளை மூடியது எல்லாம் பக்கத்தில் திருத்தியாக வேண்டும். போன வருடத்து ரேட்டைச் செல்போனில் காட்டி, "உங்க சைட்ல இதுதானே போட்டிருக்கு" என்று ஒருவர் கவுண்டரில் நின்றால், அந்த ஒரு நாளைக்காவது அந்த ரேட்டுக்கே கொடுத்துவிடுங்கள். அவர் போனதும் முதல் வேலையாகப் பக்கத்தைத் திருத்துங்கள்.